பாக்கெட் ராணியிடம் கற்ற பாஸ்தா!

இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிப்பவள் நான். மற்றவர்கள் அனுபவத்தைப் படித்து, 'உச்' கொட்டியதோடு சரி, பேனா பிடித்ததில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால், என்னைப் போன்ற நாலு அம்மாக்களுக்காவது உதவுமே என்றுதான் எழுதுகிறேன். சமையல் குறிப்பும் உண்டு. கூடவே கொஞ்சம் வீட்டுக் கதையும் உண்டு.

என் வயது 46. கணவர், தனியார் கம்பெனியில் கணக்கர். மகள், பிளஸ் 2. மகன், ஏழாம் வகுப்பு. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். திருமணமாகி வந்த நாளில் இருந்து, 'பாக்கெட் சாமான் என் அடுப்படியில் நுழையக் கூடாது' என்பது என் கொள்கை. சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லி மாவு, ஊறுகாய், வடகம் எல்லாமே என் கைதான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. பெருமை என்று சொல்வதை விட, திமிர் என்று சொல்வதே சரி.

என் ஓரகத்தி சென்னையில் வேலைக்குப் போகிறாள். அவள் வீட்டு ப்ரிட்ஜைத் திறந்தால், அரைத்த இஞ்சி பூண்டு விழுது, உரித்த பட்டாணி, பாக்கெட் கிரீம், சீஸ் என்று கடை மாதிரி இருக்கும். நான் அவளுக்கு, 'பாக்கெட் ராணி' என்று பட்டப்பெயர் வைத்தேன். ஒரு விசேஷ வீட்டில், நாலு பேர் எதிரில் அப்படிக் கூப்பிட்டும் விட்டேன். அவள் சிரித்து மழுப்பினாள். முகம் மட்டும் சுருங்கிப் போனது. அதற்குப் பின், அவளிடமிருந்து போன் வருவது குறைந்து விட்டது. நானும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான், என் மகள் சாயங்கால டிபனைத் தொடாமல் இருக்க ஆரம்பித்தாள். 'பசிக்கலம்மா' என்பாள், அறைக்குள் போய் கதவைச் சாத்திக் கொள்வாள். முன்பெல்லாம், பள்ளியில் நடந்ததை மூச்சு விடாமல் சொல்லும் பெண், கேட்டதற்கு மட்டும், 'ம்... ம்...' என்றாள். படிப்புச் சுமை என்று நினைத்துக் கொண்டேன்.

ஒருநாள், துவைக்கப் போடுவதற்காக அவள் பையைக் காலி செய்தபோது, கசங்கிய பில் ஒன்று கிடைத்தது. 'ஒயிட் சாஸ் பாஸ்தா - 180 ரூபாய்' என்று இருந்தது. தேதியைப் பார்த்தேன், சனிக்கிழமை, மாலை 5:40 மணி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நேரத்தில் அவள் டியூஷனில் அல்லவா இருக்க வேண்டும்!

கையும் காலும் நடுங்கியது. 'வரட்டும், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்' என்று நான் கத்த, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மாமியார் நிதானமாகச் சொன்னார்...

'ஏம்மா, வயசுப் பொண்ணை வாசல்லயே நிக்க வெச்சு கேள்வி கேட்டா, வாயைத் திறக்குமா? பொய்தான் வரும். அந்தத் தின்பண்டம் புடிச்சிருந்தா, அதை வீட்ல செஞ்சு பாரு. புள்ளைய அடுப்படிக்குக் கூப்பிடு. தானா பேசும்!'

எனக்குச் சுத்தமாக நம்பிக்கை இல்லை. இருந்தாலும், கோபத்தை விழுங்கிக் கொண்டேன்.

மறுநாளே, கடையில் பாஸ்தா ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். 'இது என்ன பிரமாதம், சேமியாவுக்கு அண்ணன்தானே' என்ற அலட்சியம். யாரையும் கேட்கவில்லை. குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன். கொதிக்கிற பாலில் மைதாவை அப்படியே கொட்டிக் கிண்டினேன். திறந்து பார்த்தால், பாஸ்தா இருந்த இடம் தெரியவில்லை, களியாகி இருந்தது. பாலில் மைதா, கொழுக்கட்டை கொழுக்கட்டையாக மிதந்தது. இரண்டையும் சேர்த்துக் கிண்டி, தட்டில் வைத்தேன்.

என் மகன் கரண்டியால் தொட்டுப் பார்த்து, 'அம்மா, இதை வெச்சு தெரு முழுக்க போஸ்டர் ஒட்டலாம்மா' என்றானே பார்க்கணும்! கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய் விட்டார். மகளும் சிரித்து விட்டாள். எத்தனையோ வாரத்துக்குப் பின், அவள் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

'யாராவது குக்கர்ல பாஸ்தா வெச்சு மூணு விசில் விடுவாங்களாம்மா? சித்தியைக் கேட்டா சொல்லியிருப்பாங்களே' என்றாள்.

சித்தி என்றது, நான் பட்டப்பெயர் வைத்த அதே ஓரகத்தியை. எனக்குச் சுருக்கென்றது.

அன்று இரவு, தயங்கித் தயங்கி அவளுக்குப் போன் செய்தேன். 'பாஸ்தா எப்படிச் செய்யறதுன்னு சொல்லு' என்று கேட்பதற்குள், எனக்கு வியர்த்து விட்டது. அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. 'எழுதிக்கோங்கக்கா' என்று, அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னாள். கடைசியில் நானே, 'அன்னைக்கு விசேஷத்துல உன்னை அப்படிச் சொன்னது தப்பும்மா' என்றேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

'காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுறேன்க்கா. ராத்திரி வந்து பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தா, புள்ளை தூங்கிடும். அது முழிச்சிருக்கறப்போ அது கூட ரெண்டு வார்த்தை பேசணும்னுதான் பாக்கெட்டை வாங்குறேன்' என்றாள். என்னால் பதில் பேச முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை, மகளை, 'டியூஷனுக்கு லீவு போடு; எனக்கு உதவி பண்ணு' என்று அடுப்படிக்குக் கூப்பிட்டேன். அன்று நாங்கள் செய்த விதத்தை அப்படியே தருகிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

தேவையான பொருட்கள் (நான்கு பேருக்கு):

பென்னே பாஸ்தா - 200 கிராம்
தண்ணீர் - 2 லிட்டர்
காரட் - 1
பீன்ஸ் - 8
குடைமிளகாய் - பாதி
உறைய வைத்த பட்டாணியும், ஸ்வீட் கார்னும் சேர்த்து - 1 கப்
பெரிய வெங்காயம் - 1
பூண்டு - 5 பல்
வெண்ணெய் - 1 மேஜைக்கரண்டி
காய்ச்சி ஆற வைத்த பால் - அரை கப்
பாக்கெட் பிரெஷ் கிரீம் - 100 மி.லி.,
சீஸ் க்யூப் - 2
மிளகுத் தூள் - அரை தேக்கரண்டி
ஆரிகனோ, மிளகாய்ச் செதில் - சிறிதளவு
உப்பு - 2 தேக்கரண்டி (வேக வைக்கும் தண்ணீருக்கு மட்டும்)

ஆரிகனோவைத் தனியாகப் பாட்டில் வாங்க வேண்டாம். பீட்சா வாங்கும்போது தருகிற சின்னச் சின்ன பாக்கெட்டுகள், எல்லார் வீட்டு டிராயரிலும் தூங்கிக் கொண்டிருக்கும், அதுவே போதும்.

செய்முறை:

அகலமான பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு, உப்பு போட்டு, பாஸ்தாவைச் சேர்க்கவும். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. போட்டவுடன் ஒரு நிமிடம் நன்றாகக் கிளறி விட வேண்டும்; இல்லையென்றால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். மூடி போட வேண்டாம், பொங்கி வழியும்.

பாக்கெட்டில், வேகும் நேரம் போட்டிருக்கும். பெரும்பாலும் 10 முதல் 12 நிமிடம். அதற்கு நாலு நிமிடம் இருக்கும்போது, பொடியாக நறுக்கிய காரட், பீன்சையும். இரண்டு நிமிடம் இருக்கும்போது பட்டாணி, கார்னையும் அதே பாத்திரத்தில் போட்டு விடவும். காய்க்குத் தனிப் பாத்திரம், தனி காஸ் தேவையில்லை. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கி விடவும். கடித்தால், நடுவில் லேசான அழுத்தம் தெரிய வேண்டும். சாஸில் சேர்ந்த பின், மீதி வெந்து விடும்.

இந்த இடத்தில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. என் மகள் வடிதட்டைத் தொட்டியில் வைத்து, தண்ணீரைக் கொட்டப் போனாள். கூடத்தில் இருந்து பார்த்துக் கொண்டிருந்த மாமியார், 'ஏண்டி, கஞ்சியைக் கொட்டுற?' என்றார்.

'அய்யோ அப்பாயி, இது சோறு இல்ல, பாஸ்தா!'

'எதுவா இருந்தா என்ன, கோதுமையில செஞ்சதுதானே? வெந்த தண்ணியில சத்து இறங்கியிருக்கும். ஒரு டம்ளராவது எடுத்து வை!'

பெரியவர் பேச்சைத் தட்ட வேண்டாமே என்று, ஒரு டம்ளர் பிடித்து வைத்தோம். அதன் அருமை, பின்னால் தெரிந்தது.

வாணலியில் வெண்ணெய் போட்டு, உருகியதும், தட்டிய பூண்டு, நீளமாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய் சேர்த்து, பெரிய தீயில் இரண்டு நிமிடம் வதக்கவும். சிவக்கக் கூடாது. பின், தீயை நன்றாகக் குறைத்து, பாலும், கிரீமும் ஊற்றவும். ஓரத்தில் சின்னக் குமிழ் வந்தால் போதும். தளதளவென்று கொதிக்க விட்டால் கிரீம் பிரிந்து, எண்ணெய் தனியாக மிதக்கும். சீஸைத் துருவிப் போட்டு, கரையும் வரை கிளறவும். மைதாவே தேவையில்லை. கிரீமும், சீஸும் சேர்ந்து அந்தக் கெட்டித் தன்மையைக் கொடுத்து விடுகின்றன. எனவே, கட்டி தட்டும் பயமும் இல்லை.

இதில் வெந்த பாஸ்தா, காய்களைச் சேர்த்துக் கிளறினோம். கிளறக் கிளற, இறுகிக் கொண்டே போனது. மகள் முகம் வாடி விட்டது. 'மறுபடியும் போஸ்டர் பசைதாம்மா' என்றாள். அப்போதுதான், எடுத்து வைத்த கஞ்சித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. ஒரு கரண்டி ஊற்றிக் கிளறினாள். பட்டுத் துணி போல சாஸ் வழவழவென்று ஆகி, ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிக் கொண்டது. இன்னொரு கரண்டி ஊற்றியதும், கடையில் தருவது போலவே பளபளப்பு!

காரணம் இதுதான்... பாஸ்தா வெந்த தண்ணீரில், மாவுச்சத்து கரைந்து இருக்கும். அது, கிரீமில் உள்ள கொழுப்பையும், தண்ணீரையும் பிரிய விடாமல் சேர்த்துப் பிடித்துக் கொள்கிறது. பாஸ்தாவின் தாய்வீடான இத்தாலியிலும், இந்தத் தண்ணீரை எடுத்து வைத்துத்தான் சாஸில் சேர்க்கின்றனராம். மகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். 'பாத்தியா, நான் படிக்காமலே சொன்னேன்' என்று, மாமியாருக்கு ஒரே பெருமை.

கடைசியாக மிளகுத் தூள், ஆரிகனோ, மிளகாய்ச் செதில் தூவி, கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைக்கவும். வெண்பொங்கலை இளக்கமாக இறக்குவோம் அல்லவா, அதே பக்குவம்தான். ஆறினால் இறுகும். மொத்தம் 25 நிமிடம். நால்வருக்கும் சேர்த்து, எனக்கு ஆன செலவு ஏறத்தாழ 150 ரூபாய். கடையில் ஒரு தட்டே 180 ரூபாய்!

இப்போது, என் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பாஸ்தா வெந்து கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில், எங்களுக்கு வேறு வேலை இல்லை. வழக்கமாக அந்நேரம் நான் தேங்காய் துருவிக் கொண்டோ, அரைத்துக் கொண்டோ இருப்பேன். அன்று, மேடையில் சாய்ந்து சும்மா நின்றேன். மகள் கரண்டியால் கிளறியபடி, என் முகத்தைப் பார்க்காமலே, 'அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே' என்றாள்.

'சொல்லு.'

'நான் நாலு வாரமா சனிக்கிழமை டியூஷனுக்குப் போகலம்மா.'

எனக்குத் தெரியும் என்று காட்டிக் கொள்ளவில்லை. பிசிக்சில் ஒன்றுமே புரியவில்லையாம். சந்தேகம் கேட்டால், எல்லார் எதிரிலும், 'இதுகூடத் தெரியாம எதுக்கு இந்த குரூப்பை எடுத்தே' என்று கேட்டு விட்டார்களாம். அதற்குப் பின், அந்தப் படியை மிதிக்கவே பயந்து, ஒரு தோழியோடு கடையில் உட்கார்ந்து நேரத்தைப் போக்கி விட்டு வந்திருக்கிறாள். திருவிழாவுக்கு அப்பாயி கொடுத்த பணம்தான், அந்த 180 ரூபாய்.

'என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேடி' என்றேன், குரல் தழுதழுத்தது.

அவள் சொன்ன பதிலை, சாகும் வரை மறக்க மாட்டேன்.

'எப்பம்மா சொல்றது? நான் வர்ற நேரத்துல, நீ அடுப்பைப் பார்த்துக்கிட்டே இருக்க. உன் முதுகுகிட்டயா சொல்றது?'

சகோதரிகளே, வெட்கித் தலைகுனிந்தேன். பொடி அரைத்தேன், மாவு அரைத்தேன், வடகம் போட்டேன் என்று பெருமை அடித்துக் கொண்டிருந்த நான், பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்க்க மறந்திருக்கிறேன். என்னால், 'பாக்கெட் ராணி' என்று ஏளனம் செய்யப்பட்டவளோ, அந்தப் பாக்கெட்டில் மிச்சம் பிடித்த நேரத்தைத் தன் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறாள்.

அன்றிரவே கணவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் முதலில் குதித்தார். பின் புரிந்து கொண்டார். அந்த டியூஷனை நிறுத்தி விட்டு, பள்ளியிலேயே பிசிக்ஸ் டீச்சரைச் சந்தித்துப் பேசினோம். இடைவேளையில் சந்தேகம் கேட்கச் சொல்லி விட்டார். இப்போதும் அவள் அதில் முதல் மதிப்பெண் எல்லாம் வாங்கவில்லை. ஆனால், புரியாததை, 'புரியல' என்று பயமில்லாமல் சொல்கிறாள். எனக்கு அதுவே போதும்.

இனி, நான் பட்டுத் தெரிந்து கொண்ட சில விஷயங்கள்:

* பாக்கெட்டின் பின்புறம் படிக்காமல் வாங்காதீர்கள். சேர்க்கப்பட்ட பொருட்களில், எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பாஸ்தாவில், டியூரம் எனும் கடினக் கோதுமை ரவை முதலில் இருந்தால், குழையாமல் வேகும். மைதா முதலில் இருந்தால், சீக்கிரம் குழையும்.

* வேகும் தண்ணீரில் எண்ணெய் ஊற்றாதீர்கள். வடித்த பின் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். எண்ணெய் மேலே படிந்தால், சாஸ் வழுக்கி விடும். அலசினால், மேலே இருக்கும் மாவுச்சத்து போய் விடும்.

* பென்னே என்றால், இத்தாலிய மொழியில் பேனாக்கள் என்று அர்த்தமாம். நிப் போல, இரு முனையும் சாய்வாக வெட்டியிருக்கும். குழாய்க்குள் சாஸ் புகுந்து கொள்வதால், கிரீம் சாசுக்கு ஏற்றது.

* கிரீம் கிடைக்காத ஊரில் இருக்கிறீர்களா? தினமும் எடுத்து வைக்கும் பாலாடையை, கொஞ்சம் பால் விட்டு, மிக்சியில் ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். அதிகம் சுற்றினால், வெண்ணெய் திரண்டு விடும். அதுவும் இல்லையென்றால், ஒரு கப் ஆறிய பாலில், ஒரு தேக்கரண்டி சோள மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றலாம்.

* மீதமான கிரீமை, அட்டைப் பெட்டியோடு வைக்காமல், சுத்தமான எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, ப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்து விடுங்கள். ப்ரீசரில் வைத்தால், கரையும்போது திரிதிரியாகி விடும்.

* சீஸ், வெண்ணெய், வேக வைத்த தண்ணீர் மூன்றிலும் உப்பு இருக்கிறது. சாசுக்குத் தனியாக உப்பு போட வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டிதான். என் கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதனால், அவர் பங்கை மட்டும் சீஸ் போடும் முன்பே, காய் அதிகமாக வைத்து எடுத்து விடுவேன்.

* வாரம் ஒருநாள் போதும். மற்ற நாளில், நம்ம இட்லி, அடை, கொழுக்கட்டைக்கு ஈடு எதுவும் இல்லை.

இன்றும் என் வீட்டில் சாம்பார் பொடி என் கைதான். அதை விடுவதாக இல்லை. ஆனால், உறைந்த பட்டாணி, கிரீம், தேவைப்படும் நாளில் கடை இட்லி மாவு என்று, ப்ரிட்ஜில் ஒரு தட்டை ஒதுக்கி விட்டேன். சனிக்கிழமை மாலை ஆனால், மகள் பென்னேயை எடுத்து வைக்கிறாள். மகன் சீஸ் துருவுகிறான். பாதி அவன் வாய்க்குப் போகிறது. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து, 'கஞ்சியை எடுத்து வெச்சீங்களா?' என்று குரல் கொடுக்கிறார். அவருக்குப் பல் இல்லாததால், நன்றாகக் குழைய விட்டு, ஒரு கிண்ணம் தனியாகக் கொடுப்போம். 'இந்த வெள்ளைக்காரன் சேமியா ஒண்ணும் மோசமில்ல' என்று சாப்பிடுவார்.

போன மாதம் ஓரகத்தி குடும்பத்தோடு வந்திருந்தாள். என் ப்ரிட்ஜைத் திறந்து பார்த்து விட்டு, 'என்னக்கா, நீங்களும் பாக்கெட் ராணி ஆயிட்டீங்களா' என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தபடி, அவளை இறுகக் கட்டிக் கொண்டேன்.

தாய்மார்களே... கைப்பக்குவத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அரைப்பதிலும், உரிப்பதிலும் அரை மணி நேரம் மிச்சம் பிடிக்க முடிந்தால், தயங்காமல் பிடியுங்கள். மிச்சமான நேரத்தில் இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக் கொள்ளாமல், பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். அவர்கள் பேசுவார்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.